பொன் விளைந்த ஊர்களும் பெருவிரல் ரேகையும்

எழுமலைப் பகுதியில் ‘ரேகைச் சட்டம்’ என்றால் முதியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறமலைக் கள்ளர்களைப் பதிவு செய்து கைரேகை பெற அரசு முனைந்தபோது, அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். அங்குள்ள நினைவுத்தூணை நம்மில் பலர் கண்டிருப்போம். அதே ரேகைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் ஒரு பள்ளிவாசல் திடலில் மூண்ட தீயைப் பற்றி நம் வீடுகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டறியப்பட்டதும், வெறும் புல்வெளியாயிருந்த இடத்தில் ஜொகானஸ்பர்க் எழுந்தது. சுரங்கத்தினுள் இறங்கியோர் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். வேலியடைத்த ‘காம்பவுண்டு’களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர்; அனுமதிச் சீட்டின்றி நடமாட இயலாது. 1904 முதல் சில ஆண்டுகள் சீனத் தொழிலாளர்களும் ஒப்பந்தத்தில் வரவழைக்கப்பட்டனர். நம்மவர்கள் சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்த நகரில் பிழைத்தவர்கள்: குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள், தமிழ்த் தெரு வியாபாரிகள், சலவைத் தொழிலாளர்கள், உணவு விடுதிப் பணியாளர்கள்.

அந்நகரில் அவர்கள் தங்களுக்கென அமைப்புகளை உருவாக்கிக்கொண்டனர். 1906இல் ஹமீதியா இஸ்லாமியச் சங்கம் தோன்றியது. தம்பி நாயுடு முன்னின்ற தமிழர் நலச் சங்கமும் இருந்தது. அவ்வாண்டே டிரான்ஸ்வால் அரசு, எட்டு வயதைக் கடந்த ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகைகளையும் பதிந்து சான்றிதழ் பெறவேண்டும் என அவசரச் சட்டம் கொண்டுவந்தது. செப்டம்பர் 11 அன்று எம்பயர் நாடக அரங்கில் கூடிய கூட்டத்தில், இறைவனைச் சாட்சியாக வைத்து இதற்குப் பணியமாட்டோம் என்று உறுதியேற்க வேண்டுமென முன்மொழிந்தவர் ஹாஜி ஹபீப் என்னும் வணிகர். காந்தியடிகளே இதை எதிர்பார்க்கவில்லை. இறைவன் பெயரால் எடுத்த உறுதியை மீறுவது எத்தகையது என்பதை அவர் அவையினருக்கு எடுத்துரைத்த பின்னரே அனைவரும் எழுந்து நின்று உறுதியேற்றனர்.

1908 ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா பள்ளிவாசல் திடலில், பெரிய இரும்புக் கொப்பரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. வசதி மிக்க வணிகர் சிலர் பின்வாங்கிய காலத்திலும் டிரான்ஸ்வால் தமிழர்கள் சிறை செல்லச் சலிக்கவில்லை. பள்ளியின் இமாம் அப்துல் காதர் பாவஸீரும் சிறை சென்றவரே. பின்னாளில் அவர் சபர்மதி ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1913இல் போராட்டம் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களை எட்டியபோது, மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து ஒப்பந்தத் தமிழ்த் தொழிலாளர்கள் குழியை விட்டு வெளியேறினர். எல்லையைக் கடந்த நடைப்பயணத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் இருந்ததாகக் கணக்கு. மறு ஆண்டு அவ்வரி நீங்கியது.

ஆனால் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் அனுமதிச் சீட்டு அப்படியே இருந்தது. நம்மவர்கள் நமக்காகவே போராடினர். அருகில் வேலிக்குள் அடைபட்டிருந்தவனை உடன் அழைக்கவில்லை. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நமக்கு நெருக்கமான பொன் வயல் கோலார். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றபின் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள், குறிப்பாக ஒடுக்கப்பட்ட மக்கள், திரளாகச் சென்றனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அது சுரங்க எந்திரங்களுக்கு. ஆட்கள் வாழ்ந்ததோ ‘லைன்’ எனப்பட்ட தட்டி வீடுகளில். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடிப்பும் நுரையீரலில் படிந்த கல்தூசியும் பல குடும்பங்களைத் தந்தையற்றவையாக்கின.

நிறுவனம் மருத்துவமனை கட்டியது, மன்றங்கள் அமைத்தது. தொழிலாளர்கள் கட்டிக்கொண்டவையே நம் கவனத்துக்குரியவை. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தபின், அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை 1926இல் அங்கிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. நாள் முழுதும் பூமிக்கடியில் கழித்தவர்கள் காசு சேர்த்து வாங்கிப் படித்த நூல்கள் அவை. மதம் வேறாயினும், ஏழைகளின் சங்கம் எவ்வளவு செய்யவியலும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நாம் அறியோம்.

அங்கும் ரேகை வந்தது. 1930இல் தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்க நிர்வாகம் முற்பட்டபோது, சட்டம் ஏற்கும் தொழிற்சங்கம் ஒன்றும் இல்லாத நிலையிலும் ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் குழியில் இறங்க மறுத்தனர். லைன்களும் சங்கங்களும் அவர்களை முன்பே ஒருவரோடொருவர் பிணைத்திருந்தன.

பெருங்காமநல்லூர் மக்களுக்கு அச்சகமோ இதழோ கிடையாது. ஊரே அவர்களது சங்கம். அச்சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் நீங்கியது. அக்காலத்தில் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடைபெறுகின்றன. கோலார்ச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் அங்கேயே நிற்கின்றன. அவ்வூரார் பலர் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.