கருஞ்சிறுத்தை (மலாயா தீபகற்பம்)

சிறுத்தையின் கருநிற வடிவம், தனி இனமன்று. மலாயில் ‘ஹரிமாவ் கும்பாங்’ என்பர். கெடாவில் உலு மூடா காடுகள் இதன் வாழிடம்.

கருமைக்குக் காரணம், நிறத்தைக் கட்டுப்படுத்தும் அகூட்டி மரபணுவில் நேர்ந்த பிறழ்வு. இது 2012இல் அடையாளம் காணப்பட்டது. ஒடுங்கு பண்பு என்பதால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கறுப்பாகும். புள்ளிகள் அழிவதில்லை, அகச்சிவப்பு ஒளியில் தெளிவாகத் தெரியும்.

உலகச் சிறுத்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே கறுப்பு. நீலகிரியிலும் கபினியிலும் அது அபூர்வக் காட்சி. மலாயா தீபகற்பத்திலோ கதை தலைகீழ். 1996 முதல் 2009 வரை கிரா நிலஇடுக்குக்குத் தெற்கே தானியங்கிக் கேமராக்களில் பதிவான சிறுத்தைகள் அனைத்தும் கறுப்பு.

அடர்காட்டின் அரையிருளில் பதுங்கி வேட்டையாடவும் புலியின் கண்ணில் படாதிருக்கவும் கருமை உதவியிருக்கலாம். இது இயற்கைத் தேர்வு என்னும் விளக்கம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா எரிமலை வெடித்தபின் எஞ்சிய சிறு கூட்டத்தில் இப்பண்பு தற்செயலாகப் பரவியது என்பது மாற்றுக் கருத்து. ஈரக்காடுகளிலேயே கருமை மிகுதி என்பதால், தற்செயலை மட்டும் காரணமாக்குவது போதாது.

சுங்கை பட்டாணி, பாக்கார் ஆராங் வட்டாரத் தோட்டப்புறத்தாருக்குப் பழக்கமான எலியில் இத்தகைய தேர்வு வெகுவேகமாக நடந்தது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் வார்ஃபரின் எலிமருந்தைத் தாங்கிய எலிகளே பிழைத்துப் பெருகின. 1980களில் அம்மருந்து பல இடங்களில் பலனிழந்தது. தோட்டங்கள் வேறு நஞ்சுகளையும் எலி தின்னும் கூகைகளுக்கான கூட்டுப்பெட்டிகளையும் நாடின.