பெய்ரூட்டின் அந்நிய ஆசிரியர்கள்

கடல் கடந்து கற்பிக்கச் செல்கிறவர் தம் படிப்பையும் பெட்டியையும் மட்டுமே எடுத்துச் செல்வதாக எண்ணுகிறார். ஆனால் அவருடைய கடவுச்சீட்டோடு அவர் நாட்டு அரசின் பகைகளும் பயணம் செய்கின்றன. 1980-களில் லெபனான் நாட்டின் தலைநகரான பெய்ரூட்டில் ஆசிரியப் பணி ஏற்றவர்கள் இதை மிகக் கொடிய முறையில் கண்டுகொண்டார்கள்.

பெய்ரூட் நெடுங்காலமாகவே கல்விக்கூடங்களின் நகரம். அமெரிக்கச் சீர்திருத்த சபையினர் 1866-இல் அங்கே ஒரு கல்லூரியைத் தொடங்கினர். அதுவே பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகமாயிற்று. இயேசு சபைக் குருக்கள் 1875-இல் தூய யோசேப்பு பல்கலைக்கழகத்தை நிறுவினர். பெண்களுக்கென 1924-இல் எழுந்த மற்றொரு கல்லூரி பிற்காலத்தில் பெய்ரூட் பல்கலைக்கழகக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. தலைமுறை தலைமுறையாக அந்நியர் அங்கே வந்து கற்பித்தனர். பலர் அங்கேயே மணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று, அரபு மொழி பேசி வாழ்ந்தனர். மால்கம் கெர் என்ற அறிஞர் அத்தகைய ஓர் ஆசிரியத் தம்பதியருக்கு அந்நகரிலேயே பிறந்தவர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1982-இல் பொறுப்பேற்ற அவரை, 1984 ஜனவரி 18 அன்று, அவருடைய அலுவலக வாயிலிலேயே சுட்டுக் கொன்றார்கள். பிறந்த மண் அவரை அந்நியர் என்று தீர்ப்பிட்டுவிட்டது.

லெபனானில் உள்நாட்டுப் போர் 1975-லேயே தொடங்கியிருந்தது. 1982-இல் இஸ்ரயேலின் படையெடுப்பு நிகழ்ந்தது. அதன்பின் அமெரிக்கப் படைகளும் வந்திறங்கின. அதுமுதல் மேலைநாட்டு முகம் எதுவும் ஆயுதக் குழுக்களின் கண்ணுக்கு விலைபேசத்தக்க ஒரு சரக்காயிற்று. அந்த விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதற்கு 1986 ஏப்ரல் மாதமே சான்று. அம்மாதம் 15-ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் லிபியா மீது குண்டு வீசின. அவற்றில் ஒரு பகுதி பிரிட்டனிலிருந்து புறப்பட்டவை. இரண்டு நாட்களில் மூன்று சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. அமெரிக்க நூலகர் பீட்டர் கில்பர்ன், பிரிட்டிஷ் ஆசிரியர்களான லீ டக்ளஸ், பிலிப் பேட்ஃபீல்ட் ஆகியோரே அம்மூவர். விமானத்தை அனுப்பியவர் வேறு, உயிரைக் கொடுத்தவர் வேறு.

இனி 1987 ஜனவரி 24, சனிக்கிழமை. பெய்ரூட் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்திற்குள் காவலர் சீருடை அணிந்த சிலர் வந்தனர். அந்நிய ஆசிரியர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும், அனைவரும் கூடுங்கள் என்றனர். அஞ்சியிருந்த ஆசிரியர்களுக்கு அது ஆறுதலான அழைப்பு அல்லவா! கூடினார்கள். வந்தவர்கள் துப்பாக்கி முனையில் நால்வரைக் கொண்டுபோனார்கள்: ஆலன் ஸ்டீன், ஜெசி டர்னர், ராபர்ட் போல்ஹில், மிதிலேஷ்வர் சிங். இவர்களில் சிங் நம் இந்தியர். அமெரிக்காவில் குடியிருப்புரிமை பெற்று, வணிகவியல் கற்பித்தவர். அந்நால்வரையும் விடுவிக்க வேண்டுமானால் இஸ்ரயேல் தன் சிறையிலுள்ள 400 பேரை விடுதலை செய்ய வேண்டும் என்று கடத்தியவர்கள் கேட்டார்கள். இந்தக் கணக்கில் அவர்களுடைய பாடமோ, குணமோ, மாணவர் அன்போ எங்கே இடம்பெற்றது? சில நாட்களில் அமெரிக்க அரசு தன் குடிமக்கள் லெபனான் செல்வதைத் தடை செய்தது. அத்தடை 1997 வரை நீடித்தது.

‘ஆபத்து தெரிந்தும் ஏன் அங்கே இருந்தார்கள்?’ என்று கேட்பது எளிது. பேராசையால் இருந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போருக்கு நடுவிலும் வகுப்பு நடத்துவதே ஓர் ஊரை ஊராக வைத்திருக்கும் என்று நம்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள். சிலருடைய மனைவியரோ லெபனான் பெண்கள். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது: தம்மை நேசிக்கும் மாணவர் நடுவே இருக்கிறோம் என்ற உறுதியே அவர்களை ஏமாற்றியது. கடத்தியவர்கள் அவர்களுடைய மாணவர்கள் அல்லர்.

தாமஸ் சதர்லாந்து என்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைத் துறைத் தலைவர். 1985 ஜூன் 9 அன்று விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்டார். அவரோடு அடைபட்டிருந்தவர்களில் கத்தோலிக்கக் குருவான லாரன்ஸ் ஜென்கோவும் பிரெஸ்பிட்டேரியன் போதகர் பெஞ்சமின் வெயரும் இருந்தனர். இருவரும் கைதிகளுக்கு வழிபாடு நடத்தினர். அச்சிறு கூட்டத்துக்குப் ‘பூட்டிய கதவின் திருச்சபை’ என்று பெயரிட்டனர். சபைப் பிரிவினைகளைப் பற்றி நாம் எத்தனை கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறோம்! சதர்லாந்தோ அங்கும் ஆசிரியராகவே இருந்தார். உடன் கைதியான செய்தியாளர் டெரி ஆண்டர்சனுக்குப் பிரெஞ்சு மொழி கற்பித்தார். 2,354 நாட்களுக்குப் பின், 1991 நவம்பர் 18-இல்தான் அவருக்கு விடுதலை.

சிங் 1988 அக்டோபர் 3-ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். போல்ஹில் 1990 ஏப்ரலில் வெளிவந்தார். வந்த சில நாட்களிலேயே தொண்டையில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, குரல்வளை அகற்றப்பட்டது. விரிவுரையாளரின் குரலே போயிற்று. டர்னர் 1991 அக்டோபரிலும், ஸ்டீன் அதே ஆண்டு டிசம்பரிலும் திரும்பினர். டர்னர் சிறைப்பட்டபின் பிறந்த மகளுக்கு அப்போது வயது நான்கு.

இவர்களுடைய பெயர்களாவது நாளிதழ்களில் வந்தன. அப்போரில் காணாமற்போன லெபனான் மக்கள் ஏறத்தாழ 17,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்களுக்காக எந்த நாடும் யாரோடும் பேரம் பேசவில்லை. அவர்களுடைய தாய்மார் புகைப்படங்களை ஏந்திப் பெய்ரூட்டின் வீதியோரத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள்.