எழுதியதைத் திருத்தும் மரபு

எழுதியதை மீண்டும் எடுத்துத் திருத்துவது அச்சியந்திரத்தோடு மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று கருதுவோர் நம்மிடையே உளர். தமிழ் வரலாறு அவ்வாறு கூறவில்லை. தொல்காப்பியம் மரபியலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்துரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்தில் அவ்வழியே சென்றார். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் ஆகியவை இன்றும் நம் கையெழுத்துப் படிகளில் காணும் பிழைகளே அல்லவா? நூல் அரங்கேறும்போது அவையோர் எழுப்பிய ஐயங்களுக்கும் புலவன் விடை கூற வேண்டியிருந்தது. ஆயினும், அந்த அவையில் உழுபவனுக்கு ஆசனம் இருந்ததில்லை.

அச்சுக்காலம் இம்மரபை வேறு வகையில் தொடர்ந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கச் சென்றோரின் துயரத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்னும் கதையாக்கினார். 1935ஆம் ஆண்டு 'மணிக்கொடி' அதனை வெளியிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைத் தொகுதி, இதழ்களிலும் நூல்களிலும் வந்த வடிவங்களை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைத் தருகின்றது. ஒரு கதை அச்சேறிய பின்னும் மாறக்கூடியது என்பதற்கு அதுவே சான்று. மாக்சிம் கார்க்கியும், உலகெங்கும் தொழிலாளர் படித்த தம் 'தாய்' நாவலைப் பிந்திய பதிப்புகளுக்காகத் திரும்பத் திரும்பத் திருத்தினார். புகழ் வந்த பின்னும் கார்க்கி அதனை முடிந்த வேலையாகக் கருதவில்லை.

மலையகத்தில் இதனினும் பரந்த ஒரு திருத்தக்களம் இருந்தது. மடக்கொம்பரையில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. நாட்டார் பாடலுக்குத் தனியொரு ஆசிரியன் இல்லை. கொழுந்து மலையில் ஒருத்தி பாடியதை அடுத்த நிரையில் நிற்பவள் ஒரு சொல் மாற்றிப் பாடுவாள். பொருந்தியது நிற்கும், பொருந்தாதது உதிரும். அரங்கேற்ற அவையில் இடம் பெறாத மக்கள், தம் பாடலுக்குத் தாமே அவையாயினர்.

இவ்வரலாற்றை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இறக்குவானைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வரும் நம் மாணவர் கதை எழுதுகின்றனர். முதற்படியில் 'லயம்' என்றும் 'பிரட்டுக்களம்' என்றும் இருக்கும். திருத்திய படியில் அவை 'இல்லம்' என்றும் 'கூடுமிடம்' என்றும் மாறிவிடுகின்றன. பத்தடி அறையில் ஒரு குடும்பம் முழுதும் ஒடுங்கிய வாழ்வை 'இல்லம்' என்னும் சொல் சுமக்குமா? தம் பெற்றோரின் சொல் ஏட்டுக்கு ஆகாது என்று அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் யார்? இது திருத்தமன்று, அழிப்பு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேயிலை மலையிலேயே காணலாம். செடி ஓங்கிக் கொழுந்து குறையும்போது கவ்வாத்து வெட்டுவர். தொழிலாளி நோயுற்ற கிளையையும் பயனற்ற குச்சியையும் நீக்குவான். வேரில் கத்தி வையான். சில மாதங்கள் மலை மொட்டையாய் நிற்கும். பின்னரே புதுத்தளிர் வரும். மிகையான அடைமொழியை வெட்டுக. இரவல் சோகத்தை வெட்டுக. தோட்டத்துச் சொல்லை விட்டு வைக்க.

அழிக்கப்படுவதன் பொருளை இம்மக்கள் நன்கு அறிவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலே இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அரசு தான் எழுதியதைத் திருத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலமும் பேனா பிறர் கையில் இருந்தது. இன்று அது நம் பிள்ளைகளின் கையில் இருக்கின்றது. அவர்கள் எழுதட்டும், எழுதியதை லயத்துத் திண்ணையில் தம் அன்னையருக்குப் படித்துக் காட்டட்டும், அவர்கள் பொய்யென்று சொல்லும் வரியை அடித்துவிட்டு மீண்டும் எழுதட்டும்.