பேண்டு வாசிக்கிற பெண்களும் நாட்டு நலப்பணியும்

நம்ம ஊர் மகளிர் கல்லூரிகளில் பேண்டு எப்போது வெளியே வரும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வருவார். கேட்டிலிருந்து மேடை வரைக்கும் தேசிய மாணவர் படைப் பெண்கள் ட்ரம் அடித்துக்கொண்டு முன்னால் போவார்கள். அப்புறம் சுதந்திர தினம், குடியரசு தினம், விளையாட்டு விழா. அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் ட்ரம் ஸ்டோர் ரூமில் தூங்கும். அதே கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகள் ஏழு நாள் முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போய்க் கோயில் வாசலைக் கூட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள். இந்த இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. ஏன் இப்படி?

இரண்டும் வேறு வேறு வீட்டில் பிறந்த பிள்ளைகள் என்பதுதான் காரணம். தேசிய மாணவர் படை 1948-இல் சட்டம் போட்டு வந்தது. அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவும் வந்தது. அதன் தாய்வீடு ராணுவம். பேண்டும் அணிவகுப்பும் அங்கிருந்து வந்த சீர்தான். சீனப் போருக்குப் பிறகு, 1963-இல் அதைக் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள். ஐந்து வருஷம்தான் தாங்கியது. 1968-இல் விருப்பப்பட்டால் சேரலாம் என்றாகிவிட்டது. துப்பாக்கிப் பயிற்சி வேண்டாம் என்கிற மாணவர்களுக்கு வேறென்ன கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வந்தது. காந்தி நூற்றாண்டான 1969, செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இதன் தாய்வீடு ஆசிரமம். 1925-இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்தை அறிந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வாடை உடனே தெரிந்திருக்கும். கூட்டுவது, தோண்டுவது, நூற்பது. சத்தம் போடாமல் செய்வது.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு வேறு மாதிரி இருந்தது. அங்கே கல்லூரி பேண்டுக்காகவே மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்கள் 1919-இல் ஓக்லஹோமாவில் ஒன்று தொடங்கினார்கள். பெண்களுக்கு இடம் இல்லை என்றதும் டெக்சஸில் வேவா பேன்ஸ் என்ற மாணவி தங்களுக்கென்று ஒன்றை உருவாக்கினார். அதுதான் 1946-இல் டௌ பீட்டா சிக்மா என்ற பெண்கள் சங்கமானது. பேண்டுக்குச் சேவை செய்வதே அதன் வேலை. அந்தப் பெண்கள் பேண்டைத் தாண்டி, தேசிய அளவிலான சேவைத் திட்டங்களிலும் சேர வேண்டும் என்ற பேச்சு அங்கே உண்டு. நமக்குச் சங்கமும் கிடையாது, கிரேக்க எழுத்தும் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சுக்கு நம்மிடம் அவர்களைவிட வலுவான காரணம் இருக்கிறது. அது சேலத்திலேயே இருக்கிறது.

1991 கணக்கெடுப்பு. நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர். அடுத்த ஆண்டு ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை இதே சேலத்தில்தான் தொடங்கியது. வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்றது அரசு. உயிர் பிழைத்த பிள்ளைகள் உண்டு, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பொண்ணு பாரம் என்கிற பேச்சைத் தொட்டில் மாற்றவில்லை. பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம் காட்டியது, அவ்வளவுதான். 2001-இல் எண்ணிப் பார்த்தபோது 851. பத்து வருஷத்தில் இரண்டே இரண்டு.

வீட்டுக்குள்ளே நடக்கிற பேச்சை மாற்றத் தெருவில் சத்தம் போட்டாக வேண்டும். இதை அந்தக் காலத்தில் சரியாகப் புரிந்துகொண்டது அறிவொளி இயக்கம். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990-இல் அறிவியல் இயக்கத்தார் நாடு முழுக்கக் கலைப்பயணம் போனார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் படிக்கவும் வந்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். பாட்டும் வீதி நாடகமும் முதலில் தெருவுக்கு வந்தன, சிலேட்டு பின்னால்தான் வந்தது. 1965 வரை சேலத்தோடு இருந்த தர்மபுரியில், 1990-களின் பிற்பகுதியில் டென்மார்க் நிதியுதவியோடு நடந்த சுகாதாரத் திட்டம் பெண்சிசுக்கொலைக்கு எதிராக இதே கலைப்பயணத்தைத்தான் ஊர் ஊராக அனுப்பியது. மாமியாரும் மாமனாரும் மருமகளும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். எந்த நர்ஸம்மாவும் தனியாக ஒரு வீட்டுக்குப் போய் இதைச் செய்திருக்க முடியாது.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ட்ரம் அடிப்பது நம் ஊரில் சும்மா ஒரு கலை இல்லை. சாவுக்கும் தண்டோராவுக்கும் யார் பறை அடிக்க வேண்டும் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். எவ்வளவு தாமதம் பாருங்கள். மறுபக்கம், 1990-இலேயே திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. வெள்ளை கையுறை போட்டு அடித்தால் கௌரவம், வெறுங்கையால் அடித்தால் இழிவு என்கிற கணக்கு ஒரு கல்லூரி வளாகத்துக்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பேண்டுப் பெண்கள் ஊருக்குள் போனால் அந்தக் கணக்கும் கூடவே போகும்.

அதனால்தான் போகட்டும் என்கிறேன். நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் வேலை. முகாமில் பகலெல்லாம் சாக்கடை, மரக்கன்று, கண் பரிசோதனை. ராத்திரிக் கலைநிகழ்ச்சியில் ஒலிப்பது பெரும்பாலும் ஸ்பீக்கரில் போடும் சினிமாப் பாட்டு. அந்த நேரத்தைப் பேண்டுப் பெண்களுக்குக் கொடுக்கலாம். மாணவர் படையா நலப்பணியா, ஏதாவது ஒன்றுதான் என்று சேர்க்கையின்போதே பிரித்துவிடும் விதியை முகாம் வாரத்துக்கு மட்டுமாவது தளர்த்த வேண்டும்.  ஊர்த்தெருவில் மட்டும் வாசித்துவிட்டுத் திரும்பாமல், காலனித் தெருவுக்கும் போய், அங்கே பறை தெரிந்த ஒரு அண்ணனையோ அக்காவையோ கூப்பிட்டுச் சேர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும். மூன்று பேஸ் ட்ரம், ஆறு சைடு ட்ரம் ஒரு மினிடோர் வண்டியில் அடங்கிவிடும்.