வந்தவாசி முதல் நவல்பட்டு வரை

வந்தவாசிப் போர் பற்றிய சென்ற வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு, புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அன்றைய சிப்பாயின் துப்பாக்கிக்கும் இன்றைய ராணுவத் துப்பாக்கிக்கும் அப்படி என்ன வித்தியாசம்?" கேட்க உரிமையுள்ள ஊர்தான். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்ற ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அதே ஆண்டு பெருமுக்கல் கோட்டையைப் பிடித்து, புதுச்சேரியை முற்றுகையிட அந்த வட்டாரத்துக்குத்தான் படையோடு வந்தார்.

அந்தப் படையின் மஸ்கட் துப்பாக்கிக்கு உட்புறம் வழவழப்பான குழல். மருந்தும் குண்டும் வாய் வழியே திணிக்க வேண்டும். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். நூறு கஜம் தாண்டினால் குறி நிச்சயமில்லை. அதனால்தான் தோளோடு தோள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

இன்றைய ராணுவத் துப்பாக்கி ரைபிள் வகை. அதன் குழலின் உள்ளே திருகாணியின் மரை போல வளைந்தோடும் பள்ளங்கள் உண்டு. அவற்றில் உரசிக்கொண்டு வெளியேறும் குண்டு சுழல்கிறது. சுழல்வதால் தடுமாறாமல் நேராகப் பாய்கிறது. அடுத்த பெரிய மாற்றம், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு. வெடித்த மருந்தின் வாயுவில் ஒரு பங்கு குழலின் சிறு துளை வழியே பிரிந்து ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். அந்த வேகத்திலேயே காலித் தோட்டா வெளியே விழ, அடுத்தது உள்ளே ஏறும்.

1962-இல் சீனப் படையை எதிர்கொண்ட நம் ஜவான்களிடம் இந்த வசதி இல்லை. கையில் இருந்தது .303 ரைபிள், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அந்தத் தோல்விக்குப் பின்தான், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைபிள் படை முழுவதும் பரவியது. 1966-இல் திருச்சியை அடுத்த நவல்பட்டுப் பகுதியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தது.

எஸ்.எல்.ஆருக்குப் பதிலாக, புனேயிலுள்ள படைக்கல ஆய்வுக்கூடம் 1980-களில் வடிவமைத்த ரைபிள்தான் இன்சாஸ். ஈஷாப்பூர், கான்பூரோடு திருச்சியும் அதைத் தயாரித்தது. 5.56 மி.மீ. தோட்டா, எஸ்.எல்.ஆர். தோட்டாவின் எடையில் ஏறக்குறையப் பாதிதான். அதே சுமையில் இரு மடங்கு தோட்டாக்கள் கொண்டுபோகலாம். விசையை அழுத்தினால் ஒன்று, அல்லது மூன்று மூன்றாகப் பாயும். தோட்டா வீணாகாதிருக்க அப்படி வைத்தார்கள். மிச்சம் எத்தனை என்று வெளியிலிருந்தே தெரியும்படி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருபது தோட்டா மேகசின்.

கேட்க எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 1999-இல் கார்கில் சிகரங்களின் குளிரில் அந்த மேகசின்கள் விரிசல் விட்டன. சுடும்போதே துப்பாக்கி சிக்கிக்கொண்டதாகவும் புகார்கள் வந்தன. எதிரி மேலே, நம் பிள்ளைகள் கீழே; அந்த நிலையில் கையிலுள்ள ஆயுதம் நின்றுபோனால் என்ன ஆகும்? பனியிலும் சேற்றிலும் மணலிலும் சலிக்கச் சலிக்கச் சோதிக்காமல் ஒரு ரைபிளை ஜவான் கையில் கொடுப்பது மன்னிக்க முடியாதது. குறைகள் பிறகு திருத்தப்பட்டன என்பது உண்மை. அந்தத் திருத்தம் போருக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

திருச்சி அங்கேயே நின்றுவிடவில்லை. ரஷ்ய ஏ.கே. துப்பாக்கி வகையைத் தழுவி, 7.62×39 மி.மீ. தோட்டாவில் 'திருச்சி அசால்ட் ரைபிள்' என்ற துப்பாக்கியை உருவாக்கியது. பெயரிலேயே தமிழ்நாட்டு ஊரைச் சுமக்கும் துப்பாக்கி! ராணுவமோ, உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் ரஷ்யக் கூட்டோடு தயாராகும் ஏ.கே.-203-ஐத் தேர்ந்தெடுத்தது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில் கையெழுத்தானது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 1 அன்று, திருச்சி ஆலை அரசுத் துறையிலிருந்து கம்பெனி நிர்வாகத்துக்கு மாறியிருந்தது.

வந்தவாசிக்கு வந்த துப்பாக்கிகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் விரிவாக எழுதிவைத்தார்கள். நவல்பட்டில் குழல் கடைந்தவர்களின் அனுபவத்தை நாம் இன்னும் முறையாகத் தொகுக்கவில்லை. அந்த ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், ரகசியம் எதுவும் வேண்டாம், அவருடைய வேலை நாட்களை மட்டும் கேட்டு எழுதி வையுங்கள்.