லேசர் பிளாஸ்மாவில் சூழ் வாயு அழுத்தம்

சில நானோநொடி மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பைத் திடப்பொருளின் மேல் குவித்தால், பட்ட இடம் உருகி, ஆவியாகி, அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த ஒளிரும் முகிலாக எழும்பும். இதுவே லேசர் பிளாஸ்மா. அதன் பருமனும் வெப்பமும் ஆயுளும் லேசரின் ஆற்றலை மட்டும் பொறுத்தவை அல்ல. முகில் விரியும் வெளியில் எந்த வாயு, எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தவை.

வெற்றிடத்தில் முகிலைத் தடுக்க எதுவும் இல்லை. அது விரைந்து விரிந்து நீர்த்துப்போகிறது. துகள்களின் மோதல் குறைந்து, ஒளி மங்கி அணைகிறது. வாயு இருந்தால் விரியும் முகில் அதை அமுக்கி அதிர்ச்சி அலையாக முன்தள்ளுகிறது. வாயுவோ முகிலை அடைத்துவைக்கிறது. அடைபட்ட முகிலில் மோதல்கள் தொடர்வதால் ஒளி கூடுதல் நேரம் நிற்கிறது.

அப்படியானால் அழுத்தம் ஏற ஏற நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. நெருக்கமான பிளாஸ்மா, துடிப்பின் பிற்பகுதியைத் தானே உறிஞ்சிக்கொண்டு பொருளுக்குத் திரையாகிறது. ஆவியாகும் அளவு குறைகிறது. பொருளிலுள்ள தனிமங்களை அடையாளம் காட்டும் நிறமாலைக் கோடுகளும் அகன்று ஒன்றோடொன்று கலக்கின்றன. ஆகவே ஒளிச்செறிவு இடைப்பட்ட ஓர் அழுத்தத்தில்தான் உச்சம் தொடுகிறது.

செவ்வாய்க்கு இதில் தற்செயலான அதிர்ஷ்டம். அங்குள்ள காற்று பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. தரையழுத்தம் ஏறத்தாழ 6 மில்லிபார். இது அந்த உச்சத்துக்கு அருகில் அமைகிறது. 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவி, 7 மீட்டர் தொலைவிலுள்ள பாறையைக்கூட லேசர் பிளாஸ்மாவின் ஒளியைக் கொண்டு பகுப்பாய்கிறது. 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒலிவாங்கி, லேசர் பட்டதும் எழும் அதிர்ச்சி அலையின் ‘டக்’ ஒலியையும் பதிவு செய்தது. காற்றில்லாத நிலவில் அந்த ஒலிக்கு வழியில்லை. ஆனாலும் 2023-இல் சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி, தரைக்கு மிக அருகிலிருந்து லேசர் செலுத்தி, தென்துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது.

வாயுவின் வகையும் முக்கியம். ஆர்கான் கனமானது, வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதில் பிளாஸ்மா சூடாகவும் பிரகாசமாகவும் நீடிக்கும். ஹீலியத்தில் விரைவில் குளிர்ந்துவிடும். லேசரால் மென்படலம் படியவைப்பவர்கள் அழுத்தத்தை வேறு நோக்கில் பயன்படுத்துகிறார்கள்: வாயு, பறந்துவரும் துகள்களின் வேகத்தைத் தணிக்கிறது, ஆக்சிஜன் என்றால் படலத்தின் வேதிச் சேர்மானத்திலும் பங்கேற்கிறது. 1987-இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசன் உள்ளிட்ட குழு உயர்வெப்ப மீக்கடத்திப் படலங்களை லேசரால் உருவாக்கிக் காட்டியபின் இம்முறை வேகமாகப் பரவியது. ஆக்சைடு படலங்களுக்கு இன்று பெரும்பாலும் ஒரு மில்லிபாருக்கும் குறைவான ஆக்சிஜனே போதும். அழுத்தம் மிகுந்தால் ஆவி வழியிலேயே ஒடுங்கி நானோதுகள்களாகிவிடும். துகள் தேவைப்படுவோருக்கு அதுவே லாபம்.

கோள்களில் அழுத்தத்தின் மறுகோடியில் இருப்பது வெள்ளி. அதன் தரையழுத்தம் சுமார் 92 பார். பிளாஸ்மா மிகச் சிறுத்துச் சட்டென அணைந்துவிடும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அந்தச் சூழலை அழுத்தக்கலனில் உருவாக்கிப் பாறைகளைச் சோதித்திருக்கிறார்கள். வெள்ளியின் தரையில் இத்தகைய லேசர் கருவி எதுவும் இதுவரை இறங்கவில்லை.