ஸ்டாண்டர்டு ஹெரால்டு: போல்ட்டில் பிறந்த வண்டி

பழைய கார் பைத்தியங்களுக்கு ஹெரால்டு என்றால் தனிப் பாசம். நானும் அந்தக் கூட்டம்தான். காரணம் அழகு மட்டும் இல்லீங்க.

1953-ல் இங்கிலாந்தில் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி கட்டும் கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அவர்களை நம்பியிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அடுத்த காருக்கு பாடி கட்டித்தர ஆளில்லை. என்ன செய்வார்கள்? தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் முடுக்கினார்கள். 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தது. 1961-ல் நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அன்று வேறு வழியில்லாமல் செய்தது, இன்று ரெஸ்டோர் பண்ணுகிறவர்களுக்கு வரம். துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றலாம். பானெட் மட்கார்டோடு முன்பக்கம் கவிழும். இன்ஜின் பக்கத்தில் நின்று வேலை பார்க்கலாம்.

இவ்வளவு சுலபம் என்றால், தினசரி ஓட்ட வேறு இன்ஜின் மாட்டத் தோன்றும்தானே? சிக்கலே அங்கேதான். 2021-ன் மத்திய விதிப்படி 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமில்லாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. பதிந்தாலோ, தினமும் ஆபீசுக்கு ஓட்டக்கூடாது!

என் கட்சி இதுதான்: சீட் பெல்ட் போடுங்க, நல்ல ஹெட்லைட் போடுங்க. போல்ட்டில் கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கலாம். சேசிஸை வெட்டிட்டா, அப்புறம் அது ஹெரால்டு இல்லை.